அழுத்தம் வர வேண்டிய நேரம்: சின்டர்-ஹிப் உலை குறித்த ஒரு மதிப்புரை

டங்ஸ்டன் கார்பைடு தூளை அச்சில் அழுத்தி, உலையில் சுட்டு, வெட்டுக் கருவிகளுக்கான தண்டுகளாகவும் கம்பி இழுக்கும் டைகளாகவும் ஆக்கும் தொழிலில் இருக்கிறேன். சின்டரிங் (தூளைச் சுட்டுக் கெட்டிப்படுத்துவது), வெப்பச் சமஅழுத்தம் (சூட்டில் வாயுவால் எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தித் துளைகளை மூடுவது; சுருக்கமாக ஹிப்) ஆகிய இரண்டு வேலைகளையும் ஒரே கலத்துக்குள் ஒரே சூட்டில் முடித்துவிடும் உலை ஒன்று எங்கள் பட்டறைக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. தொழிலில் இதைச் சின்டர்-ஹிப் என்றே அழைக்கிறோம். 100 பார் வரை ஆர்கான் அழுத்தம் தாங்கும், நீரால் குளிர்விக்கப்படும் எஃகுக் கலமும், அதற்குள் கிராஃபைட் வெப்ப உறுப்புகளும் கிராஃபைட் கம்பளக் காப்பும், தூளில் கலந்த மெழுகின் ஆவியை வெளியேற்றிப் பிடிக்கத் தனிக் குழாயும், வெற்றிடப் பம்புகளும், வாயுவை அழுத்திச் செலுத்தும் கம்ப்ரசரும் சேர்ந்ததுதான் இந்தச் சாதனம். உலையைக் கட்டியவர்களிடம் எனக்குச் சில மனக்குறைகள் உண்டு; அவர்கள் பெயர் இங்கே தேவையில்லை. இந்த வகை உலையை வாங்க எண்ணுபவர்களுக்கும், தங்கள் உருப்படிகளை இப்படிச் சுட்டுத் தரும் சேவைக்கு அனுப்ப எண்ணுபவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்பதே நோக்கம்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இந்த உலை எங்கள் பொருளின் தரத்தை மாற்றியிருக்கிறது. திரும்பவும் வாங்க நேர்ந்தால் இதே வகையைத்தான் வாங்குவேன். ஆனால் விற்பனைத் தாளின் முதல் வரியில் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும் உச்ச அழுத்தம் இதன் மதிப்பைத் தீர்மானிக்கவில்லை. அழுத்தம் எந்த நொடியில் உள்ளே வருகிறது, அந்த நொடியில் கார்பைடு மணிகளைப் பிணைக்கும் கோபால்ட் எல்லா மூலைகளிலும் உருகிய நிலையில் இருக்கிறதா, துண்டின் நுண்துளைகளின் வாய் அதற்குள் மூடியிருக்கிறதா என்பவைதான் தீர்மானிக்கின்றன. இதை நாங்கள் புரிந்துகொள்ள ஓர் ஆண்டு பிடித்தது.

இதற்கு முன் எங்களிடம் இருந்தது சாதாரண வெற்றிட உலை. 1400 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டு எடுத்த துண்டுகளை அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்க்கும்போது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் ஒரு லாட்டில் எங்கோ ஓரிரு துண்டுகளில் 20 மைக்ரான், 30 மைக்ரான் அளவில் ஒரு கருந்துளை தென்படும். கார்பைடு போன்ற நொறுங்கும் தன்மையுள்ள பொருளில் அந்த ஒரு துளையே முறிவு தொடங்கும் இடமாகிவிடும். வளைத்து முறிக்கும் சோதனையில் ஒரே லாட்டைச் சேர்ந்த பத்துத் துண்டுகளில் எட்டு நல்ல வலிமையைக் காட்ட, இரண்டு மட்டும் மிகக் கீழே முறிந்துவிழும். சராசரியைக் காட்டி வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்த இயலாது; அவர் கையில் முறிந்தது அந்த இரண்டில் ஒன்றாக இருக்கும். ஆகவே முக்கியமான லாட்டுகளைச் சுட்டு முடித்த பிறகு, 1000 பார் அளவில் இயங்கும் வெளிச் சேவை ஒன்றுக்கு அனுப்பி, மீண்டும் சூடாக்கி, அமுக்கி வாங்கி வந்தோம்.

அந்த உயர் அழுத்த முறையின் பிறப்பு கார்பைடு தொழிலில் நிகழ்ந்ததல்ல. 1955-இல் அமெரிக்காவின் பாட்டெல் நினைவு ஆய்வு நிறுவனத்தில், அணு உலை எரிபொருளுக்குச் சிர்கோனியக் கலவை உறையைப் பிணைப்பதற்காக உருவாக்கப்பட்டது அது. சூடான வாயு எல்லாப் பக்கமும் சமமாக அழுத்துவதால் வடிவம் கெடாமல் இரு உலோகங்கள் ஒன்றிவிடும் என்பதே அங்கே கிடைத்த ஆதாயம். வார்ப்புகளின் உட்குழிகளை மூடவும், எஃகு உறைக்குள் அடைத்த தூளைத் திடப்படுத்தவும் அது பின்னர் பயன்பட்டது. டைட்டானியக் கலவை வார்ப்புகளுக்கு இன்றும் 920 டிகிரி, 1000 பார், இரண்டு மணி நேரம் என்பது வழக்கமான அளவு. அங்கே உலோகம் திடநிலையிலேயே நெளிந்து துளையை நிரப்ப வேண்டியிருப்பதால் அவ்வளவு அழுத்தம் வேண்டியிருக்கிறது.

கார்பைடின் நிலை வேறு. 1923-இல் கார்ல் ஷ்ரோட்டர் காப்புரிமை கோரிய நாள் தொட்டு இந்தப் பொருளின் அடிப்படை மாறவில்லை: கடினமான டங்ஸ்டன் கார்பைடு மணிகளுக்கு நடுவே கோபால்ட் பிணைப்பியாக நிற்கிறது, சுமார் 1320 டிகிரியில் கார்பைடைத் தன்னுள் கரைத்துக்கொண்டு கோபால்ட் உருகுகிறது, உருகிய அந்தத் திரவம் மணிகளை நனைத்து, ஒன்றையொன்று நோக்கி இழுக்கிறது. அச்சிலிருந்து வரும் துண்டு நீள அளவில் 17 முதல் 20 சதவீதம் வரை சுருங்குகிறது. கன அளவில் கணக்கிட்டால் ஏறத்தாழப் பாதி மறைந்துவிடுகிறது. வெளியிலிருந்து எவரும் அழுத்தாமல், பரப்பு இழுவிசை மட்டுமே இத்தனையையும் செய்கிறது என்பது, எத்தனை ஆண்டுகள் பார்த்தாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

அவ்வளவு வல்லமையுள்ள விசை, ஒரு 30 மைக்ரான் துளையை மட்டும் ஏன் விட்டுவைக்கிறது என்ற கேள்விக்குச் சிறு கணக்கு ஒன்று விடை தருகிறது. திரவத்தின் பரப்பு இழுவிசையை மீட்டருக்கு 2 நியூட்டன் என்று உத்தேசமாக வைத்துக்கொண்டால், 1 மைக்ரான் ஆரமுள்ள துளையை மூட அது தரும் அழுத்தம் சுமார் 40 பார். அதே திரவம் 20 மைக்ரான் ஆரமுள்ள துளைக்குத் தருவது 2 பார் மட்டுமே. துளை பெரிதாகப் பெரிதாக அதை மூடும் விசை குறைந்துகொண்டே போகிறது. எனவே எது மூடப்பட வேண்டுமோ அதுவே மூடப்படாமல் தங்கிவிடுகிறது. இப்போது வெளியிலிருந்து 60 பார் ஆர்கான் அழுத்தினால், சிறு துளைக்கு அது ஒன்றரை மடங்கு கூடுதல் உதவி; பெரிய துளைக்கோ முப்பது மடங்கு. பிணைப்பி திரவமாக இருப்பதால் 1000 பாருக்குத் தேவையே எழுவதில்லை. உயர் அழுத்த முறையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அழுத்தத்தில் இந்த உலை அதே வேலையைச் செய்து முடிப்பதன் இரகசியம் இவ்வளவுதான்.

குறைந்த அழுத்தம் போதும் என்பதில் மலிவைத் தாண்டிய ஆதாயங்களும் அடங்கியிருக்கின்றன. ஆர்கானில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு ஈரமோ ஆக்சிஜனோ கலந்திருந்தால், 1000 பாரில் அந்த அழுக்கின் தனி அழுத்தம் 1 மில்லிபார் ஆகிவிடுகிறது. நல்ல வெற்றிட உலை ஒன்றில் எவரும் ஏற்றுக்கொள்ளாத அளவு அது. வெளிச் சேவையிலிருந்து திரும்பிய துண்டுகளின் மேற்பரப்பு கரி இழந்து நிறம் மாறியிருந்ததும், அதை அரைத்து எடுப்பதற்காகவே கூடுதல் அளவு விட்டு அச்சு செய்ய வேண்டியிருந்ததும் எங்களுக்கு நன்றாக நினைவிருக்கின்றன. 60 பாரில் அதே அழுக்கின் பங்கு 0.06 மில்லிபாருக்கு இறங்கிவிடுகிறது. அதோடு, ஏற்கெனவே சுட்ட பொருளை இரண்டாம் முறை சூடாக்கும்போது மணிகள் வளர்ந்து கடினத்தன்மை சற்றுக் குறைவதும், மூடப்பட்ட துளையில் கார்பைடு மணிகளே இல்லாமல் கோபால்ட் மட்டும் புகுந்து ஒரு குட்டையாகத் தேங்கிவிடுவதும் பழைய முறையில் வழக்கம். கோபால்ட் குட்டை துளையைப் போல் கொடியதல்ல என்றாலும், அதுவும் ஒரு மென்மையான இடமே. ஒரே சூட்டில் முடியும் முறையில் மணிகள் இன்னும் இடம் மாறிக்கொண்டிருக்கும் வேளையிலேயே அழுத்தம் வருவதால், திரவத்தோடு மணிகளும் சேர்ந்து துளைக்குள் நகர்கின்றன. குட்டைகள் முற்றிலும் மறைந்துவிடவில்லை, ஆனால் சிறியவையாகவும் அரியவையாகவும் ஆகிவிட்டன.

இனி ஒரு சுற்று எப்படி நடக்கிறது என்பதையும், அதில் எங்கே இடறினோம் என்பதையும் சொல்கிறேன்.

துண்டுகளைக் கிராஃபைட் தட்டுகளில் அடுக்கி, கதவை மூடி, காற்றை எடுத்த பிறகு முதலில் வருவது மெழுகு நீக்கம். தூளை அச்சில் ஒட்டவைப்பதற்காகக் கலந்த பாரஃபின் மெழுகு, 250 முதல் 400 டிகிரிக்குள் ஆவியாகி வெளியேற வேண்டும். சின்டரிங்கையும் அழுத்தத்தையும் பற்றியே பேசும் விற்பனையாளர்கள் இந்தக் கட்டத்தைச் சில வரிகளில் முடித்துவிடுகிறார்கள். எங்களுக்கோ முதல் ஆறு மாதத் தொல்லையில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வந்தது. ஆவியைப் பிடிக்கும் குளிர்கலத்துக்குச் செல்லும் குழாயின் ஒரு வளைவு போதுமான சூட்டில் வைக்கப்படாததால், மெழுகு அங்கேயே உறைந்து வழியை அடைத்தது. வெளியேற முடியாத ஆவி உலைக்குள் சிதைந்து கரியாகப் படிந்தது. அதன் விளைவு அந்தச் சுற்றில் மட்டும் தெரியவில்லை. அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளிலும் துண்டுகளின் வெட்டுமுகத்தில் தனிக் கரியின் பூப்போன்ற திட்டுகள் தோன்றின. டங்ஸ்டன் கார்பைடில் கரியின் பங்கு எடையில் 6.13 சதவீதம்; அதிலிருந்து மிகச் சிறிதே கூடினாலும் தனிக் கரி பிரிகிறது, சிறிதே குறைந்தாலும் ஈட்டா எனப்படும் நொறுங்கும் கட்டம் தோன்றுகிறது. அந்தக் குறுகிய இடைவெளிக்குள் நிற்பதே இந்தத் தொழிலின் முழுத் திறமையும் என்று சொல்லலாம். அந்த வளைவுக்கு நாங்களே ஒரு வெப்ப நாடா சுற்றி, தனிக் கட்டுப்பாடு வைத்த பிறகு தொல்லை நின்றது. உலையைக் கட்டியவர்கள் தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது.

மெழுகு நீங்கிய பின் வெற்றிடத்தில் சூடு ஏறுகிறது. மேல்நோக்கிய பயணத்தின் கடைசிப் பகுதியில் முழு வெற்றிடம் வைத்திருந்தால் கோபால்ட் ஆவியாகி மேற்பரப்பிலிருந்து போய்விடும் என்பதால், சில மில்லிபார் ஆர்கான் விட்டுவைக்கிறோம். பொருள் தன் முழு அடர்த்தியில் 92 முதல் 95 சதவீதம் வரை எட்டும் அளவில், அதுவரை ஒன்றோடொன்று தொடர்புகொண்டு மேற்பரப்புவரை வாய் திறந்திருந்த துளைகள் துண்டிக்கப்பட்டுத் தனித்தனியாக மூடிக்கொள்கின்றன. இந்த நிகழ்வு முழுமையாக நடந்து முடிந்த பிறகே அழுத்த வாயு உள்ளே வரலாம். வாய் திறந்த துளைக்குள் வாயு தாராளமாகப் புகும். உள்ளும் வெளியும் ஒரே அழுத்தம் நிலவும் இடத்தில் எதுவும் அமுங்காது. அதைவிடக் கெடுதலானது, புகுந்த பின் அந்த வாய் மூடிக்கொள்வது. ஆர்கான் உலோகத்தில் கரையாது. ஆகவே வெளியேற வழியின்றி 60 பார் அழுத்தத்தோடு அது உள்ளேயே சிறைப்பட்டுவிடுகிறது. அதற்குப் பின் எத்தனை மணி நேரம் வைத்தாலும் அந்தத் துளை சுருங்காது.

உலையோடு வந்த ஆயத்தச் செய்முறை, உச்ச வெப்பத்தை எட்டிய பத்தாவது நிமிடத்தில் வாயுவைத் திறப்பதாக அமைக்கப்பட்டிருந்தது. 10 சதவீதக் கோபால்ட் உள்ள, சிறு விட்டத் தண்டுகளுக்கு அது நன்றாகவே பொருந்தியது. 6 சதவீதக் கோபால்ட் மட்டுமே கொண்ட எங்கள் தடித்த டைகளை அதே செய்முறையில் சுட்டபோது, பழைய வெற்றிட உலையில் கிடைத்த அடர்த்திகூடக் கிடைக்கவில்லை. கன சென்டிமீட்டருக்குச் சுமார் 14.9 கிராம் என்று வர வேண்டிய அடர்த்தி குறைந்து நின்றது. கூடுதல் அழுத்தம் கொடுத்தும் கூடுதல் துளைகள் வந்திருப்பதை முதலில் எங்களால் நம்ப முடியவில்லை. திரவம் குறைவாக இருக்கும் கலவையில் துளைகள் மூட அதிக நேரம் பிடிக்கும் என்பதும், தடித்த துண்டின் நடுப்பகுதிக்கு வெப்பம் தாமதமாகவே சென்று சேரும் என்பதும் தெரிந்த செய்திகள்தாம். செய்முறையைத் தந்தவர்கள் எங்கள் டையின் தடிமனைக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. வெற்றிடத்தில் நிறுத்தும் நேரத்தை நீட்டியதும் அதே உலை, அதே தூள், அதே 60 பார் ஆகியவை வேறொரு பொருளைத் தந்தன.

இதற்கு நேர்மாறான இன்னொரு பிழையும் உண்டு. கண்டுபிடிக்க அதிகக் காலம் எடுத்தது அதுவே. வெற்றிடத்தில் இருந்த உலைக்குள் குளிர்ந்த ஆர்கான் வேகமாக நுழையும்போது, அது சூட்டைக் குடிக்கிறது. அழுத்தம் ஏற ஏற வாயுவின் அடர்த்தி கூடி, வெப்பச் சலனம் வலுப்பெற்று, சூடான வாயு மேலேயும் குளிர்ந்த வாயு கீழேயும் செல்கிறது. வெற்றிடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருந்த உலை, சில நிமிடங்களில் மேல்தட்டுக்கு ஒரு வெப்பமும் கீழ்த்தட்டுக்கு வேறொரு வெப்பமும் கொண்ட உலையாக மாறிவிடுகிறது. எங்கள் கீழ்த்தட்டுத் துண்டுகளில் மட்டும் துளைகள் தொடர்ந்து தங்கியதற்குக் காரணம் இதுதான்: அழுத்தம் முழுமையாக வந்து சேர்ந்த வேளையில் அங்கே கோபால்ட் உறைந்துவிட்டிருந்தது. உறைந்த பிணைப்பியை நெளிக்க 60 பார் எந்த மூலைக்கும் போதாது. வாயு நுழையும் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, நுழைவதற்குமுன் வெப்பத்தைச் சிறிது உயர்த்தி வைத்து, கீழ் வெப்ப மண்டலத்துக்குத் தனி மின்னூட்டு வரம்பு கொடுத்த பிறகு நிலைமை சீரானது. மண்டலங்களைத் தனித்தனியாகக் கட்டுப்படுத்த முடியாத மலிவான உலை ஒன்றை நாங்கள் வாங்கியிருந்தால் இதற்குத் தீர்வே இருந்திருக்காது. இந்த ஓர் அம்சத்துக்காகக் கட்டியவர்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிள்கள் குறித்தும் ஒரு சொல். கிராஃபைட் சூழலில் பிளாட்டினம் கரியால் கெட்டுவிடும் என்பதால் டங்ஸ்டன்-ரீனியம் இணைகள் பயன்படுகின்றன; அவையும் நாளடைவில் நொறுங்கும் தன்மை பெற்று, அளவீட்டில் மெல்ல விலகத் தொடங்கும். முறிந்தால் உடனே தெரியும், விலகினால் தெரியாது. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் நான்கு மூலைகளிலும் நடுவிலும் ஒரே தூளில் செய்த சான்றுத் துண்டுகளை வைத்து, வெளியே எடுத்ததும் அவற்றின் கோயர்சிவ் விசையையும் (காந்தத்தன்மையை நீக்கத் தேவையான எதிர்க் காந்தப்புலம்) காந்தச் செறிவையும் (ஏற்கக்கூடிய உச்சக் காந்தத்தன்மை) அளந்து எழுதிவைக்கிறோம். முதல் அளவு மணிகளின் பருமனையும் இரண்டாவது கரியின் சமநிலையையும், துண்டை உடைக்காமலே சொல்லிவிடுகின்றன. உலையின் திரையில் ஓடும் எண்களைவிட இந்த ஐந்து துண்டுகளை நான் அதிகம் நம்புகிறேன்.

பலன்களுக்கு வருகிறேன். ஐ.எஸ்.ஓ. 4499-4 தரநிலை (முன்பு 4505), 10 மைக்ரானுக்கு உட்பட்ட துளைகளை ஏ என்றும், 10 முதல் 25 மைக்ரான் வரை உள்ளவற்றைப் பி என்றும், தனிக் கரியைச் சி என்றும் வகுக்கிறது. வெற்றிட உலையில் சுட்டவற்றில் பி வகைத் துளைகள் அவ்வப்போது தலைகாட்டிவந்தன. இப்போது செய்முறை சரியாக நடந்த சுற்றுகளில் அவற்றைக் காண்பதே அரிது, ஏ வகையும் அந்தத் தரநிலையின் மிகக் குறைந்த படிக்கு இறங்கிவிட்டது. வளைவு முறிவுச் சோதனையில் சராசரி உயர்ந்திருக்கிறது. அதைவிட முக்கியமாக, மிகக் கீழே முறிந்துவந்த அந்த இரண்டு துண்டுகள் மறைந்து, எல்லா முடிவுகளும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. நொறுங்கும் பொருளின் வலிமையை அதனுள் இருக்கும் மிகப் பெரிய குறையே தீர்மானிப்பதால், அந்த மிகப் பெரியதை நீக்கும் முறை, சிதறலைக் குறைப்பது இயல்பே. மணியளவு அரை மைக்ரானுக்கும் கீழே உள்ள நுண் ரகங்களில், அதாவது மின்சுற்றுப் பலகையில் துளையிடும் மயிரிழைத் துரப்பணங்களுக்கான தண்டுகளில், இந்த வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிகிறது. 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள துரப்பணத்தில் 25 மைக்ரான் துளை என்பது விட்டத்தில் கால் பங்கு.

கடினத்தன்மையிலும் தேய்மானத் தாங்குதிறனிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. அவை மணியளவையும் கோபால்ட்டின் பங்கையும் சார்ந்தவை. அரிதாக இருந்த துளைகளை நீக்கியதால் அவை உயரப்போவதில்லை. சின்டர்-ஹிப் செய்யப்பட்ட கருவி அதிகக் கடினமானது என்று விளம்பரம் எழுதுபவர்கள் வாங்குபவரைத் தவறான இடத்தில் எதிர்பார்க்க வைக்கிறார்கள்.

அதே நேர்மையோடு, இந்த உலை எதைத் திருத்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அச்சில் அழுத்தும்போதும் துண்டை வெளியே தள்ளும்போதும் விழும் விரிசல், மேற்பரப்பில் வாய் திறந்திருக்கும். வாயு அதற்குள் புகுந்துவிடுவதால் அழுத்தம் அதைத் தொடுவதே இல்லை. தூளில் கலந்த அயல் துகள், சுடும்போது எரிந்து போகக்கூடிய நாரோ தூசியோ ஆனால், அது விட்டுச்செல்லும் குழியை இந்த உலை மூடித்தரும். எரியாத உலோகத் துகளோ ஆக்சைடு துகளோ ஆனால் அது அப்படியே இருக்கும். கரிச் சமநிலை தவறிய தூளை எந்த அழுத்தமும் மீட்காது. எங்கள் பட்டறையிலேயே, இனி உலை பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணத்தில் அழுத்தும் பிரிவில் கவனம் தளர்ந்த சில மாதங்கள் இருந்தன. மூடப்படும் துளைகள் மறைந்துவிட்டதால், அந்தக் காலத்தில் திரும்பி வந்த புகார்களில் பெரும்பாலானவை விரிசல் புகார்களாக இருந்தன. அச்சுகளின் வெளித்தள்ளும் கோணத்தைத் திருத்திய பிறகே அவை குறைந்தன.

பராமரிப்பு பற்றி விரிவாகச் சொல்ல அதிகம் இல்லை. கதவின் சீல் வளையத்தை அட்டவணைப்படி மாற்ற வேண்டும், கிராஃபைட் தட்டுகளின் பூச்சு தேய்ந்தால் துண்டின் அடிப்பகுதி கரியை உறிஞ்சும் என்பதால் பூச்சைப் புதுப்பிக்க வேண்டும், நீர்க்குளிர்ச்சியின் தூய்மையைக் காக்க வேண்டும். பாதுகாப்பு மட்டும் தனியே சொல்லத்தக்கது. அழுத்தக் கலம் ஒவ்வொரு சுற்றிலும் விரிந்து சுருங்குவதால் அதற்குச் சுற்றுகளின் எண்ணிக்கையில் ஆயுள் வரையறை உண்டு. முறைப்படியான ஆய்வுகளைத் தள்ளிப்போடக் கூடாது. ஆர்கான் காற்றைவிடக் கனமானது, மணமற்றது. கசிந்தால் தரைமட்டப் பள்ளங்களிலும் பம்புக் குழியிலும் தேங்கி, உள்ளே இறங்குபவரை எந்த முன்னறிவிப்பும் இன்றி மயக்கமடையச் செய்துவிடும். எங்களுக்கு வந்த உலையோடு ஆக்சிஜன் அளவைக் கண்காணிக்கும் எச்சரிக்கைக் கருவி வரவில்லை. கேட்டபோது அது விருப்பத் தேர்வு என்று பதில் வந்தது. மனித உயிரைக் காக்கும் கருவியை விருப்பத் தேர்வாக வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. குழியின் அடியில் ஒன்றும் வாசலில் ஒன்றுமாக நாங்களே பொருத்தினோம்.

கார்பைடு அல்லாத பொருள்களுக்கு இதே உலையைப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சிலிக்கான் நைட்ரைடு செய்பவர்களுக்கு இதன் உறவுமுறை சாதனம் ஒன்று உண்டு: அந்தப் பொருள் 1800 டிகிரிக்கு அப்பால் சிதையத் தொடங்கும் என்பதால், அங்கே நைட்ரஜன் அழுத்தம் சிதைவைத் தடுத்து நிறுத்தவும், பின்னர் துளைகளை மூடவும் இரட்டை வேலை செய்கிறது. துருப்பிடிக்காத எஃகுத் தூளை அச்சில் செலுத்திச் செய்யும் சிறு உருப்படிகளுக்கும் டைட்டானியத்துக்கும், திடநிலையில் மூட வேண்டியிருப்பதால் 100 பார் பெரும்பாலும் போதாது. அவற்றுக்கு உயர் அழுத்த ஹிப் சேவையே ஏற்றது. டைட்டானியத்தைக் கிராஃபைட் உலைக்குள் வைப்பது கரியை ஏற்றிவிடும் என்பது தனிச் சிக்கல்.

சொந்தமாக வாங்குவதா, சேவைக்கு அனுப்புவதா என்ற கேள்வியில், சின்டர்-ஹிப்புக்கு உள்ள ஒரு தனித்தன்மையைக் கவனிக்க வேண்டும். சுட்டு முடித்த துண்டை உயர் அழுத்தச் சேவைக்கு அனுப்புவது எளிது. இந்த முறையிலோ இன்னும் சுடாத, மெழுகால் மட்டும் ஒட்டி நிற்கும், விரல் பட்டால் ஓரம் உதிரும் துண்டுகளையே பயணத்தில் அனுப்ப வேண்டியிருக்கும். தவிர்க்க முடியாதபோது, அனுப்புபவரே வெற்றிடத்தில் மெழுகை நீக்கி, ஓரளவு சுட்டுக் கெட்டிப்படுத்தி அனுப்புவது நலம். பல வாடிக்கையாளர்களின் பலவகைத் தூள்களை ஒரே சுற்றில் ஏற்றும் சேவையில் வெற்றிடத்தில் நிறுத்தும் நேரம் எவருடைய கலவைக்குக் கணக்கிடப்பட்டது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்டு முழுவதும் உலையை நிரப்பும் அளவுக்கு வேலை இல்லாத சிறு பட்டறை, சுடாத துண்டுகளை அனுப்பும் முறை, வெற்றிடத்தில் நிறுத்தும் நேரம் ஆகிய இரண்டுக்கும் தெளிவான பதில் தரும் சேவையைத் தேடிக்கொள்வதே பொருத்தம் என்பது என் கருத்து.

வாங்குபவர்களுக்கு ஒன்று மட்டும் வலியுறுத்திச் சொல்வேன். ஏற்புச் சோதனையை வெற்று உலையிலோ, கட்டியவர்கள் கொண்டுவரும் தூளிலோ நடத்த விடாதீர்கள். உங்கள் தூளில், உங்கள் மிகத் தடித்த துண்டும் மிகக் குறைந்த கோபால்ட் கலவையும் இருக்குமாறு, எல்லாத் தட்டுகளும் நிரம்பிய முழு ஏற்றத்தில் நடத்துங்கள். மூலைகளிலும் நடுவிலும் இருந்து துண்டுகளை எடுத்து, அடர்த்தியையும் கோயர்சிவ் விசையையும் காந்தச் செறிவையும் அளந்து, வெட்டிப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள். நாங்கள் பாதி நிரம்பிய உலையில், மேல்தட்டுத் துண்டுகளை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டோம். கீழ்த்தட்டின் இடது மூலையைச் சீர்செய்ய அதற்குப் பின் ஐந்து மாதங்கள் ஆயின.